வெட்கமும் குற்றமும்: ‘தி ப்ளாப்’ படத்தை மீண்டும் பார்த்தல்

1. கேள்வி

‘நல்ல படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொள்ளும் படங்கள் சில உண்டு. இரவு தனியாக உட்கார்ந்து பார்ப்போம். மறுநாள் நண்பர்களிடம் வேறு படத்தின் பெயரைச் சொல்வோம். ஆங்கிலச் சினிமா எழுத்தில் இதற்குக் ‘கில்டி ப்ளெஷர்’ என்று பெயர். 1978இல் ‘ஃபிலிம் காமென்ட்’ இதழில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி இந்தத் தலைப்பில் தனக்குப் பிடித்த படங்களைப் பட்டியலிட்டார். அதன்பின் விமர்சகர்கள் இந்தச் சொல்லை இன்னும் தாராளமாகப் புழங்கத் தொடங்கினார்கள். தமிழில் இதைக் ‘கள்ள ரசனை’ எனலாம்.

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுத் திகில் படங்கள்தான் இந்த வகையில் அதிகம் சேர்க்கப்படுகின்றன. ரப்பர் உடையில் வரும் அரக்கன், அட்டையில் செய்த விண்கலம், மிகையான அலறல் ஆகியவற்றை ரசிப்பவர் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார். அந்த மன்னிப்பு எதற்காக என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரசிகர் உண்மையில் ஏதேனும் தவறு செய்திருக்கிறாரா, அல்லது பிறர் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறாரா? இவை இரண்டும் வெவ்வேறு உணர்வுகள். ‘கில்டி ப்ளெஷர்’ என்ற சொல் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது என்பது என் வாதம். அதைச் சோதிக்க நான் எடுத்துக்கொள்ளும் படம் 1958இல் அமெரிக்காவில் வெளியான ‘தி ப்ளாப்’. உருவமில்லாத களிக்கட்டி என்பது தலைப்பின் பொருள். ஓடாத படத்தைக் குறிக்க நாம் சொல்லும் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

2. படம் உருவான விதம்

கதை எளியது. பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் விண்கல் விழுகிறது. அதனுள்ளிருந்து வந்த களி ஒரு கிழவரின் கையைப் பற்றுகிறது. பிறகு அவரையும், சிகிச்சை தர முயன்ற மருத்துவரையும், செவிலியரையும் விழுங்கி வளர்கிறது. விழுங்க விழுங்கச் சிவக்கிறது. அதைக் கண்ட இளைஞன் ஸ்டீவும் அவன் தோழி ஜேனும் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். யாரும் நம்புவதில்லை. கடைசியில் களி ஊரின் திரையரங்குக்குள் நுழைந்து, பிறகு ஓர் உணவகத்தையே மூடிக்கொள்கிறது. குளிருக்கு அது ஒடுங்கும் என்று கண்டுபிடிக்கப்படுகிறது. கரியமில வாயுத் தீயணைப்பான்களால் அதை உறையவைத்து, விமானத்தில் கொண்டுபோய் ஆர்க்டிக் பனியில் இறக்குகிறார்கள்.

படத்தை எடுத்தவர்கள் ஹாலிவுட்காரர்கள் அல்லர். இயக்குநர் இர்வின் யேவொர்த் கிறிஸ்தவ சமயப் படங்களும் கல்விப் படங்களும் எடுத்துவந்தவர். பென்சில்வேனியாவின் செஸ்டர் ஸ்பிரிங்ஸில் இயங்கிய அவரது வேலி ஃபோர்ஜ் ஃபிலிம்ஸ் நிறுவனத்தில்தான் இது உருவானது. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான தியடோர் சைமன்சன் ஒரு மெதடிஸ்ட் போதகர். பின்னணி இசை அமைத்த ரால்ஃப் கார்மைக்கேலும் கிறிஸ்தவ இசையுலகில் பெயர் பெற்றவர். தயாரிப்பாளர் ஜாக் ஹாரிஸ் மட்டுமே விநியோக வியாபாரத்திலிருந்து வந்தவர். செலவு சுமார் 1,10,000 டாலர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஸ்டீவாக நடித்த ஸ்டீவ் மெக்குவீனுக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர். லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று கைப்பணத்தை வாங்கிக்கொண்டார். பாரமவுண்ட் நிறுவனம் படத்தை வாங்கி, ‘ஐ மேரீட் எ மான்ஸ்டர் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற கறுப்பு-வெள்ளைப் படத்துடன் இரட்டைக் காட்சியாக வெளியிட்டது. வண்ணத்தில் வந்த ‘தி ப்ளாப்’ போட்ட பணத்தைப் பல மடங்காகத் திருப்பித் தந்தது.

இந்தப் பின்புலம் முக்கியம். மலிவுப் படம் என்றதும் பணத்துக்காக அவசர அவசரமாகச் சுருட்டப்பட்ட சரக்கு என்று எண்ணிவிடுகிறோம். இங்கோ, போதனைப் படங்கள் எடுத்துப் பழகியவர்கள் தமக்குத் தெரிந்த ஊரில், தமக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றி முழு நம்பிக்கையோடு எடுத்த கதை இருக்கிறது. படம் எங்கும் தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில்லை. தொடக்கத்தில் வரும் துள்ளலான பாடல் மட்டுமே விதிவிலக்கு. பர்ட் பக்கராக்கும் மாக் டேவிடும் எழுதிய அந்தப் பாடல் ‘சிரிக்கத் தயாராகுங்கள்’ என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தைச் சிரிப்புக்குரியதாகப் பார்க்கும் பழக்கத்துக்குப் படத்தைவிட அந்தப் பாடலே அதிகப் பொறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

3. இதுவரையான வாசிப்புகள்

மூன்று வாசிப்புகளை எடைபோட வேண்டும். முதலாவது, பனிப்போர் வாசிப்பு. நிறம் சிவப்பு, எல்லாரையும் தன்னுள் கரைத்துப் பெருகும் தன்மை, ஊரை எழுப்ப ஒலிப்பது வான்தாக்குதல் சங்கு. களி என்பது கம்யூனிசம் குறித்த அமெரிக்க அச்சம் என்று எளிதில் சொல்லிவிடலாம். 1956இல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்துக்கும் இதே விளக்கம் உண்டு. அங்கே ஊர்க்காரர்களே எதிரிகளாக மாறுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ‘தி ப்ளாப்’ படத்தில் யாரும் மறுபக்கம் சேர்வதில்லை, துரோகி என்று ஒருவரும் இல்லை. சந்தேகத்தை வளர்ப்பதைவிடச் சந்தேகத்தைக் களைவதையே கதை பேசுகிறது. ஆகவே நிறத்தை மட்டும் வைத்துச் செய்யும் இந்த வாசிப்பு பாதி தூரமே வருகிறது.

இரண்டாவது, எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1965இல் ‘தி இமாஜினேஷன் ஆஃப் டிசாஸ்டர்’ கட்டுரையில் முன்வைத்த பார்வை. இவ்வகைப் படங்கள் அறிவியலைப் பற்றியவை அல்ல, பேரழிவைப் பற்றியவை. அணுகுண்டுக் காலத்தின் திகிலைக் கண்ணுக்கு இதமான காட்சியாக்கி, அதற்கு நம்மைப் பழக்கிவிடுகின்றன என்பது அதன் சாரம். நகரங்கள் நொறுங்கும் படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘தி ப்ளாப்’ படத்திலோ அழிவின் அளவு மிகச் சிறியது. அழிவதற்கு இங்கே ஒரு மருத்துவர் வீடு, ஒரு கடை, ஒரு திரையரங்கு, ஓர் உணவகம் மட்டுமே உண்டு. பணம் இல்லாததால் பேரழிவைக் காட்ட முடியவில்லை; அந்த இல்லாமையே படத்தை ஊர் மனிதர்களின் பக்கம் திருப்பியிருக்கிறது.

மூன்றாவது, ரசனையைப் பற்றியது. சொன்டாக்கே 1964இல் ‘நோட்ஸ் ஆன் கேம்ப்’ கட்டுரையில், தோற்றுப்போன தீவிரத்தை ரசிக்கும் மனநிலையை விளக்கினார். 1969இல் திரைப்பட விமர்சகர் பாலின் கேல் ‘ட்ராஷ், ஆர்ட், அண்ட் தி மூவிஸ்’ கட்டுரையில், குப்பைப் படங்கள் தரும் மகிழ்ச்சியை ஒளிக்க வேண்டாம், அதற்காக அவற்றைக் கலை என்று அலங்கரிக்கவும் வேண்டாம் என்று வாதிட்டார். கேலின் நேர்மை எனக்கு உவப்பானது. ஆனாலும் இருவர் பார்வையிலும் படம் ஏற்கெனவே தோற்றதாகவோ குப்பையாகவோ முத்திரை பெற்றுவிடுகிறது. ரசிப்பவரின் மனநிலைதான் ஆராயப்படுகிறதே தவிர, படத்தில் இருக்கும் வேலை ஆராயப்படுவதில்லை. அந்த வேலையை அருகிலிருந்து பார்ப்போம்.

4. கைவேலை

விண்கல்லைக் கிழவர் கண்டெடுக்கும் காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்தேன். கையளவுக் கல். கிழவர் ஒரு குச்சியால் தட்ட, ஓடு பிளந்து உள்ளே பளபளப்பான களி தெரிகிறது. அதைக் குச்சி நுனியில் எடுத்து உயர்த்துகிறார். களி வழிந்து இறங்குகிறது. அவர் குச்சியைத் திருப்பிப் பிடிக்கிறார். குழந்தை தேன் வழியும் கரண்டியைத் திருப்புவது போன்ற இயல்பான அசைவு. அடுத்த கணம் களி கையில் ஏறிவிடுகிறது, பிறகு விடுவதில்லை. வசனம் கிட்டத்தட்ட இல்லை. கிழவரின் முகத்தில் முதலில் வியப்பு, பிறகு அருவருப்பு, அதன்பின் வலி. அந்த வேடத்தில் நடித்த ஓலின் ஹவ்லண்டுக்கு இதுவே கடைசிப் படம். பல்லாண்டு துணைவேடங்களில் உழைத்த ஒரு நடிகர் சில நிமிடங்களில் செய்துகாட்டும் இந்த வேலையில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

களியைச் செய்த விதமும் கவனத்துக்குரியது. அது சாயம் சேர்த்த சிலிக்கோன். சிறப்புக் காட்சிகளின் பொறுப்பு பார்ட் ஸ்லோனுடையது. உயிரற்ற பசை தானாக ஊர்வதுபோல் காட்ட வேண்டும். அவர்கள் செய்தது இது: அறையின் சிறு மாதிரியைச் செய்து, கேமராவை அதோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தால் கேமராவின் கண்ணுக்கு அறை நேராகவே இருக்கும். களி மட்டும் புவியீர்ப்பால் வழிந்து நகரும். பார்ப்பவருக்கு அது சமதரையில் ஊர்ந்து வருகிறது, சுவரில் ஏறுகிறது. மோட்டாரும் கம்பியும் தேவைப்படவில்லை. சாய்ந்த பலகையில் பசை வழியும் என்ற வீட்டு அறிவு போதுமாக இருந்தது.

உணவகத்தைக் களி மூடும் காட்சியில் பின்னால் இருப்பது கட்டடத்தின் புகைப்படம்தான். கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எனக்கு மகிழ்ச்சி கூடியதே தவிரக் குறையவில்லை. பொம்மலாட்டத்தில் நூல் தெரிகிறது என்று யாரும் எழுந்து போவதில்லை; நூலையும் பொம்மையையும் சேர்த்தேதான் பார்க்கிறோம். செய்நேர்த்தி என்பது செய்தவரின் கை தெரியாமல் மறைப்பது மட்டுமன்று. கை தெரியும்போதும் பயம் குறையாமல் காப்பதும் செய்நேர்த்திதான்.

திரையரங்குக் காட்சி இதற்கு நல்ல சான்று. நள்ளிரவுத் திகில் காட்சி நடக்கிறது. படம் ஓட்டுபவர் தன் அறையில் இருக்கிறார். அவர் பின்னால், சுவரில் உள்ள காற்றுத்துளைத் தட்டியின் இடுக்குகள் வழியே களி பிதுங்கி வருகிறது. கீழே பார்வையாளர்கள் திரையில் வரும் போலித் திகிலைப் பார்த்துக் கத்திச் சிரிக்கிறார்கள். சற்று நேரத்தில் உண்மைத் திகில் அவர்கள் தலைக்கு மேலுள்ள துளைகள் வழியே இறங்குகிறது. திகில் படத்தைக் கேலியாகப் பார்த்திருந்த கூட்டம் வாசலை நோக்கி முட்டிமோதி ஓடுகிறது. படத்தை இளக்காரமாகப் பார்க்க வந்தவரையும் அந்தக் கூட்டத்துக்குள் உட்கார வைத்துவிடுகிறது இந்தக் காட்சி.

5. யார் சொல்லை யார் நம்புவது

பயத்தைவிட ஆழமாக என்னைப் பற்றிக்கொண்டது இன்னொன்று. 1955இல் ‘ரெபெல் விதவுட் எ காஸ்’ வந்தபின், இளைஞர் என்றால் பிரச்சினை என்ற எண்ணம் அமெரிக்கச் சினிமாவில் வேரூன்றியிருந்தது. ‘தி ப்ளாப்’ படத்தில் இளைஞர்கள்தான் பொறுப்போடு நடக்கிறார்கள். காவல் அதிகாரிகளில் டேவ் கொஞ்சம் காது கொடுக்கிறார். பெர்ட் இளைஞர்கள் எல்லாரும் தன்னைச் சீண்டவே பிறந்தவர்கள் என்று நம்புகிறார். பெரியவர்களை மூடர்களாகவும் படம் காட்டவில்லை. மருத்துவர் வீட்டில் சடலம் இல்லை. அவர் வெளியூர் மாநாட்டுக்குப் போகவிருந்தார் என்று வீட்டு வேலைக்காரம்மா சொல்கிறார். காவலரின் இடத்தில் நாம் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். களி தான் விழுங்கியவர்களின் தடயத்தையே மிச்சம் வைப்பதில்லை. அதனால் கண்டவனின் சொல் ஒன்றே சான்று. அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதே கதை.

உச்சகட்டத்தில் சிறிய ஒரு செயல் இதற்கு விடை தருகிறது. தீயணைப்பான்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன, கதவு பூட்டியிருக்கிறது, சாவி கையில் இல்லை. ஜேனின் தந்தை அந்தப் பள்ளியின் முதல்வர். விதிமுறையும் ஒழுக்கமும் பேசிவந்த அந்த மனிதர் ஒரு கல்லை எடுத்துத் தன் பள்ளியின் கண்ணாடிக் கதவைத் தானே உடைக்கிறார். சுற்றி நிற்கும் மாணவர்கள் பார்க்கிறார்கள். பிறகு முதியவர், இளையவர், காவலர் எல்லாரும் சேர்ந்து தீயணைப்பான்களைத் தூக்கி ஓடுகிறார்கள். களியை உறையவைக்கும் காட்சியைவிட இந்தக் கண்ணாடி உடையும் ஓசைதான் என் நினைவில் நிற்கிறது. தன் மகளின் சொல்லை ஒரு தந்தை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அடையாளம். போதனைப் படம் எடுத்தவர்களின் கை இங்கே தெரிகிறது. ஆனால் போதனை வசனமாக வராமல் செயலாக வருகிறது.

1988இல் சக் ரஸ்ஸல் இயக்கிய மறு ஆக்கம் வந்தது. தொழில்நுட்பத்தில் அது பல படி மேல். களி உடல்களைக் கரைக்கும் விதம் இன்றும் நடுங்கவைக்கிறது. அங்கே களி என்பது அரசின் ஆயுத ஆராய்ச்சியில் பிறந்தது, நம்பத்தகாதவர்கள் மேலிடத்தார். காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான். முந்தைய படத்தில் ஊர் கூடிக் கண்டடையும் நம்பிக்கையை மட்டும் அந்தப் பெரிய படத்தில் நான் காணவில்லை.

6. குறைகளும் எதிர்வாதமும்

எதிர்வாதத்தை மறைக்கக் கூடாது. படத்தின் நடுப்பகுதி நீளம். ஒரே வாக்குவாதம் பலமுறை வருகிறது. படம் வெளிவந்தபோது மெக்குவீனுக்கு வயது 28. பள்ளி வயதுப் பையன் என்று நம்புவது கடினம். ஜேனாக நடித்த அனீட்டா கோர்சாட்டுக்குத் தம்பியைத் தேடுவதையும் உடன் நிற்பதையும் தவிரப் பெரிதாக வேலையில்லை. படம் காட்டும் ஊரில் வெள்ளையர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ‘ஊர் ஒன்றுபட்டது’ என்னும்போது அந்த ஊர் யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது என்று கேட்காமல் விட முடியாது.

இவை உண்மையான குறைகள். ஆனால் இவற்றுக்காக ரசிகர் வெட்கப்பட வேண்டியதில்லை. நீளத்தையும் நடிப்பையும் குறை என்று சொல்லலாம், இனப் பரப்பின் குறுகலை விமர்சிக்கலாம். விமர்சனத்தோடு ரசிப்பது எந்தப் பெரிய படத்துக்கும் நாம் செய்வதுதான். பெரிய இயக்குநர் ஒருவரின் படத்தில் இதே குறைகள் இருந்தால் ‘காலத்தின் வரம்பு’ என்கிறோம். மலிவுப் படத்தில் இருந்தால் ‘குப்பை’ என்கிறோம். செலவுக் கணக்கு இங்கே ரகசியமாக மதிப்பெண் போடுகிறது.

7. எது குற்றம்

அப்படியானால் குற்றம் என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. அதற்கு வேறொரு மலிவுப் படம் சான்று. ரோஜர் கோர்மன் தயாரித்து, 1981இல் வெளியான ‘கேலக்ஸி ஆஃப் டெரர்’. பின்னாளில் ‘ஏலியன்ஸ்’, ‘டைட்டானிக்’ படங்களை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன்தான் இதில் தயாரிப்பு வடிவமைப்பாளர். கைக்காசு இல்லாத நிலையில் அவர் எழுப்பிய விண்கலத் தாழ்வாரங்களும் இருண்ட பிரமிடின் உட்புறமும் வியக்கவைப்பவை. கைவேலை என்ற அளவில் ‘தி ப்ளாப்’ படத்தைவிட இது ஒரு படி மேல் என்றும் சொல்வேன்.

ஆனால் இதே படத்தில், ஒரு ராட்சதப் புழு பெண் விண்வெளி வீரர் ஒருவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கும் காட்சி இருக்கிறது. அந்த வன்முறையைப் பார்ப்பவருக்கான கிளர்ச்சியாகவே கேமரா பரிமாறுகிறது. படத்தின் பெயர் நிலைத்ததற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம். ‘கில்டி ப்ளெஷர்’ என்ற பட்டியலில் இந்தப் படத்தையும் ‘தி ப்ளாப்’ படத்தையும் அடுத்தடுத்து வைக்கும்போது என்ன நடக்கிறது? ஒருபுறம், புகைப்படத்தின் மேல் களி ஊற்றியதற்காகத் தேவையில்லாமல் கூசுகிறோம். மறுபுறம், பெண்ணுக்கு நேரும் வன்முறையை விருந்தாக்கியதற்கு ‘அதெல்லாம் கள்ள ரசனைதானே’ என்று எளிதாக விடுதலை கொடுக்கிறோம். அதே சொல் நிரபராதியைக் கூண்டில் ஏற்றுகிறது. குற்றத்துக்கு ஜாமீனும் வாங்கித் தருகிறது.

திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் தொடக்கத்திலேயே இருவகை நாணத்தைப் பிரித்துவிடுகிறது. தகாத செயலுக்கு நாணுவதே நாணம். மற்றது வேறு வகை. செயலைப் பொறுத்து நாணம் வர வேண்டும் என்ற அந்த அளவுகோல் சினிமா ரசனைக்கும் போதுமானது. படம் மனிதரை எப்படி நடத்துகிறது என்பதில் நாணக் காரணம் இருக்கலாம். களிக்கு எவ்வளவு செலவானது என்பதில் இருக்க முடியாது.

8. முடிவு

‘தி ப்ளாப்’ மாபெரும் கலைப்படைப்பு என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது குறைகளுள்ள, நேர்மையான, கையால் செய்த நல்ல திகில் படம். ரசிப்பவரின் மன்னிப்பு அதற்குத் தேவையில்லை. ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தயங்கும்போது நாம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். என்னை யாரேனும் இளக்காரமாக நினைப்பார்கள் என்பதற்காகக் கூசுகிறேனா? அல்லது படத்தில் யாரோ ஒருவர் இழிவுபடுத்தப்படுவதை நான் ரசித்துவிட்டேனா? முதலாவதென்றால் கூச்சத்தை விட்டுவிடலாம். இரண்டாவதென்றால் அதைச் செல்லமான ஓர் ஆங்கிலச் சொல்லால் மூடாமல் விவாதிக்க வேண்டும்.

களி நுழைந்த அந்தத் திரையரங்கு நிஜமானது. பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் ஊரில் 1903இல் திறக்கப்பட்ட கலோனியல் தியேட்டர். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே ஆண்டுதோறும் ‘ப்ளாப்ஃபெஸ்ட்’ என்ற விழா நடக்கிறது. ரசிகர்கள் அரங்குக்குள் கூடி, படத்தில் வருவதுபோலவே அலறிக்கொண்டு வாசல் வழியே தெருவுக்கு ஓடிவருகிறார்கள். முகத்தை யாரும் மறைத்துக்கொள்வதில்லை.